சண்முகசுந்தரி முழுகாதிருந்த மாதங்கள்

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த தண்டாயுதபாணியின் மனைவி சண்முகசுந்தரிக்கு மாதாமாதம் வயிற்றுவலி. பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். வீட்டுக்குத் தூரமான பெண் பஞ்சாமிர்த அண்டாவின் பக்கம் போகக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அந்த ஓய்வை இழுத்தடிக்கத்தான் இந்த நடிப்பு என்று மாமியார் மயிலாத்தாள் தீர்மானித்துவிட்டாள்.

"வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாக்கும்பாக. இவளுக்குப் பிள்ளை இல்ல, வயித்துச் சாக்கு!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் வளர்ந்து மாதாமாதம் கசிகிறது என்று சொல்லி, டாக்டரம்மா அதை வெட்டி எடுத்தார். ஒரு வருஷம் நிம்மதி. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

மறுபடி மலையேறினாள். டாக்டரம்மா இந்த முறை கத்தியை எடுக்கவில்லை. ஒரு குப்பி நிறைய ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்.

"ஒரு நாள் விடாம சாப்பிடணும். பிள்ளை உண்டாயிருக்குன்னு உடம்பு நம்பிக்கும். தீட்டு நிக்கும், வலியும் அடங்கும். நடுவுல விட்டா திரும்பி வரும்."

சொன்னபடியே நடந்தது. காலையில் குமட்டல் வந்தது, உடம்பு பூசினாற்போல் ஆனது. வலி மட்டும் வரவில்லை.

மருமகள் தலைமுழுகவில்லை என்பதை மயிலாத்தாள் கவனித்தாள். அவ்வளவுதான். "எம் மருமக முழுகாம இருக்கா" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டாள். உண்மை தெரிந்த தண்டாயுதபாணி கல்லாவில் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தான். சண்முகசுந்தரியும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறப்பாள்? கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டில் அவளை "சாப்பிட்டியா தாயி" என்று கேட்ட ஆள் கிடையாது. இப்போது கேட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டு வந்த அன்று மாமியார் கண்ணில் மாத்திரைக் குப்பி பட்டது.

"மாசமா இருக்கறவ இங்கிலீஷ் மருந்து திங்கலாமா? கரு கலைஞ்சிராது?" என்று குப்பியைத் தூக்கிக்கொண்டு கொல்லைச் சாக்கடைக்கு நடந்தாள்.

சண்முகசுந்தரி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டிராதீங்க அத்தை! பிள்ளையே இல்லீங்க. எல்லாம் இந்த மாத்திரை பண்ற வேலை. இது இல்லாட்டி அந்த வலி திரும்ப வந்துரும்!"

மயிலாத்தாளின் முகம் செத்துப்போனது. "அடிப் பாவி! ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி. நம்ப வச்சுக் கழுத்தறுத்திட்டியே!"

"தப்புதாங்க அத்தை. ஆனா இல்லாத பிள்ளைய நான் சொல்லாமலே நம்புனீங்க. இருந்த வலிய, கத்திக் கத்திச் சொன்னேனே, ஒரு நாளாச்சும் நம்புனீங்களா?"

மயிலாத்தாள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பேரப்பிள்ளைக்காகத்தான் அழுதாள், அதில் சந்தேகமில்லை. அழுது ஓய்ந்ததும் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து, குப்பியோடு மருமகள் முன்னால் வைத்தாள்.

"வெரசா முழுங்கு" என்றாள்.