கை விழுந்த நேரம்

டாக்டர் அக்னஸ் திருச்சி மேலப்புதூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட யாருக்காவது வாய் கோணியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பக்கவாதம் ஆணை எப்படிப் பாதிக்கிறது, பெண்ணை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் எழுபதுகளின் கடைசியில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அதைப் பேச ஆரம்பித்தால் வீட்டில் சோறு ஆறிப்போகும்.

ஒரு விஷயம் மட்டும் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. கை கால் விழுந்ததும் ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தேறுவதில் பெண்கள் பின்தங்கினார்கள்.

"பொம்பளை உடம்பு வாகு அப்படிம்மா. அப்படியே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிடுங்க" என்றார் பெரிய டாக்டர் ரத்தினவேல்.

அக்னஸுக்கு மனசு ஒப்பவில்லை. உடம்பு வாகு என்று அச்சாகிவிட்டால் அப்புறம் பெண்களுக்காக எந்த டாக்டர் மெனக்கெடப் போகிறார்? அனுப்புவதற்கு முன் வீடு திரும்பிய நோயாளிகளைப் பார்த்துவிடலாம் என்று வையம்பட்டிக்கு பஸ் ஏறினார்.

அங்கே விவசாயி மூக்கன் வீட்டில் நோயாளிக்கு ஏக உபசாரம். மனைவி பவுனம்மாளைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, தலைவாரி, பூவும் வைத்துவிட்டிருந்தார் மனுஷன். பார்க்கவே ஆசையாக இருந்தது. அக்னஸ் வழக்கம்போல அவரிடமே ஆரம்பித்தார்.

"எப்பங்க கை விழுந்துச்சு?"

"சாயங்காலம்மா. அப்படியே சாஞ்சுட்டா. உடனே வண்டி பிடிச்சுத் தூக்கிட்டு ஓடியாந்தேன்."

பவுனம்மாள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். "காலையிலேயே விழுந்துருச்சும்மா, பால் கறக்கையில" என்றாள் குழறலாக. "களையெடுக்க ஆளுக வந்துருவாங்கல்ல? ஒத்தக் கையாலயே சோறாக்கிட்டேன்."

அக்னஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியில் ஆண் நோயாளிகள் தாங்களே பதில் சொன்னார்கள். பெண்களுக்கோ கூட்டிவந்தவர்தான் சொல்வார். கட்டிலில் கிடப்பவளை யாரும் கேட்டதில்லை, அக்னஸும் கேட்டதில்லை. வீட்டு வேலை நின்ற நேரத்தைத்தான் நோய் வந்த நேரம் என்று இத்தனை நாளும் எழுதியிருக்கிறார். பெண்கள் தேறாததற்கு உடம்பு வாகு அல்ல, பல மணி நேரம் தாமதமாக வந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். பட்ட பாடெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனாலும் பெண் உடம்பின்மேல் விழவிருந்த பழி தப்பியதில் அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மூக்கன் பேயறைந்தவர் மாதிரி நின்றார். "அன்னிக்கு மத்தியானம் குழம்புல உப்பில்லேன்னு தட்டைத் தள்ளிவிட்டேனே, பவுனு! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே" என்றாள் அவள்.

கோபமில்லாமல்தான் சொன்னாள். தனக்கும் சேர்த்துச் சொன்னதாகவே அக்னஸுக்குப் பட்டது. நாற்காலியை மூக்கனிடமிருந்து திருப்பி, கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்பக் கேக்கறேன்மா. காலையிலேர்ந்து சொல்லுங்க."