சட்டத்துக்குள் ஒன்றுமில்லை

கல்லூரியில் முதலாண்டு பயாலஜிக்கு ஒரு நாள் களப்பயிற்சி உண்டு. பி.வி.சி. குழாயில் செய்த சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருக்கும் புல், பூண்டு, எறும்பு, நத்தை எல்லாவற்றையும் எண்ண வேண்டும். முதலில் காட்டோரம், பிறகு தேயிலைக்குள். எங்கள் வகுப்பு போனது கேமரன் மலையில் நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டுக்கு. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

காட்டோரத்தில் எண்ணி மாளவில்லை. தேயிலைக்குள் வைத்தால் ஒன்றுமே இல்லை. கருகிய புல்லும் களைக்கொல்லி மருந்து வாடையும்தான். இடம் மாற்றி மாற்றி வைத்தோம். விரிவுரையாளர் உதட்டைப் பிதுக்கினார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர்போல் கூடவே வந்த கங்காணி பெருமையாகச் சொன்னார்:

"நீங்க வர்றீங்கன்னு மானேஜர் துரை கிளீன் பண்ணச் சொன்னாரு சார். மூனு நாளைக்கு முன்னயே மருந்தடிச்சாச்சி. பாக்க அழகா இருக்குலா?"

நாங்கள் எண்ண வந்ததே அந்தப் புல்லைத்தான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மருந்தடிப்பது என் அம்மாவின் வேலை.

சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடினேன். அம்மா வலது கண்ணை ஈரத்துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியை விலக்கினேன். இமை வீங்கி, விழி முழுக்கச் சிவந்திருந்தது.

"காத்து மருந்த திருப்பி அடிச்சிச்சி. ஒரே நாள்ல முடிக்கணும்னு கங்காணி வெரட்டுனாரு."

"கிளினிக் போனியாம்மா?"

"காலேஜ் பஸ்ஸு வந்துட்டு போவட்டும், அப்புறம் போலாம்லான்னாரு. இந்தக் கண்ணோட வெளிய வந்து நிக்காதன்னும் சொன்னாரு. நீ போயி படிப்ப பாரு."

வந்தவர்கள் முகம் சுளிக்கக் கூடாதாம், அதற்காக ஒரு மனுஷியை மூன்று நாளாக வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினேன். கத்திய பிறகுதான் அம்மாவை ஏற்றிப்போக வண்டி வந்தது. வகுப்பு கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருந்தபோது நான் கிளினிக்கில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தாமதமாகவா கொண்டு வருவது என்று டாக்டர் என்னைத் திட்டினார். அந்தக் கண்ணில் இன்றைக்கும் சரியாகப் பார்வை இல்லை.

பிறகு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. தேயிலைக்குள் உயிரினங்கள் இல்லாததற்குக் காரணம் மனித நடவடிக்கை என்று எல்லாரும் ஒன்றுபோல எழுதினார்கள். எந்த மனிதர்? மருந்தடிக்கும் பம்பைத் தோளில் சுமந்த என் அம்மாவா? நான், எங்கள் வருகைக்காக நிர்வாகி போட்ட உத்தரவு என்று எழுதினேன். பாதிக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் புல்லுக்கும் பூண்டுக்கும் மேலே, முதல் வரியில், 'மனிதர், பெண், ஒன்று, வலது கண்' என்று சேர்த்தேன்.

விரிவுரையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த வரியை எடுத்துடுங்க. சட்டத்துக்குள்ள இருந்ததை மட்டும்தான் நாம எண்ணணும்."

"மருந்தடிக்கிறப்ப எங்கம்மா அதுக்குள்ளதான் சார் நின்னாங்க," என்றேன்.