ராமேஸ்வரத்தில் தேடிய தோடு

எழுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், காரைக்குடியிலிருந்து ராமேஸ்வரம் தீவுக்கு மூன்று நாள் போயிருந்தோம். நான், என் மனைவி, பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவள் தம்பி. முதல் நாளே, கடலில் முங்கி எழுந்தவளின் இடது காதில் தோட்டைக் காணோம். கரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

ஏனென்றால் அது தங்கமே இல்லை. நான் நகை வேலை செய்கிற ஆசாரி. இரண்டு வருடம் முன்பு என் தங்கையின் கல்யாணச் சங்கிலிக்குப் பொன் குறைந்தது. மெருகு போட்டுத் தருகிறேன் என்று மனைவியின் தோட்டை வாங்கி உருக்கிவிட்டேன். அதே மாதிரி செம்பில் செய்து, தங்க முலாம் பூசிக் கொடுத்தேன். தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்பார்கள்; பெற்றவள் நகையிலும் துளி திருடாமல் விடமாட்டானாம். அதைக் கேட்டால் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. ஒன்று தொலைந்த சாக்கில் மற்றதையும் வாங்கி ஒழித்துவிடலாம், விஷயம் கடலோடு போகும் என்று நினைத்தேன்.

விட்டானா மச்சினன்? மணலுக்குள் உலோகம் கிடந்தால் கத்துகிற கருவி ஒன்றைப் பினாங்கிலிருந்து கொண்டுவந்திருந்தான். நீளக் கம்பு, நுனியில் ஒரு தட்டு. அக்கா தோட்டை எடுக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று கிளம்பிவிட்டான்.

அது கீ என்று கத்தும். எனக்கு நெஞ்சு திக்கென்னும். தோண்டினால் சோடா மூடி. அடுத்துக் கொண்டை ஊசி, பிறகு துருப்பிடித்த படகு ஆணி. ஈர மணலில் ஒன்றுமே இல்லாமலும் கத்தித் தொலைக்கும். தோண்டுகிற வேலை என் தலையில். தோடு கிடைத்தால் அவன் கையில் வாங்கியதுமே எடை காட்டிக்கொடுத்துவிடும், அவனும் ஆசாரி மகன்தான். கிடைக்காவிட்டால் இந்த வெயில். சனியன், எது நடந்தாலும் எனக்குத்தான் கேடு. கோவிலுக்கு வந்தவர்கள் வேறு நின்று, அங்குட்டுத் தோண்டு, இங்குட்டுத் தோண்டு என்று யோசனை சொன்னார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பேட்டரி தீர்ந்தது. ராமநாதசுவாமியை நினைத்து ஒரு கும்பிடு போட்டேன். அவனோ, ரயிலை விட்டுவிடலாம், மதுரைக்குப் போய் பேட்டரி வாங்கி வருகிறேன், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்வெட்டியை வீசிவிட்டு, போனது போகட்டும், ஊரில் வேறு செய்து தருகிறேன், உன் கருவியைத் தூக்கிக் கடலில் போடு என்று கத்தினேன்.

அவன் முகம் சுண்டிப்போய் அறைக்கு நடந்தான். மனைவி போகவில்லை.

“செம்புன்னு நீங்க குடுத்த அன்னைக்கே தெரியும். நானும் பட்டறை வீட்டுல பொறந்தவதான்,” என்றாள். “அன்னைக்கு அழ வேண்டியத இங்க வந்து அழுதேன். இப்பவாச்சும் வாயத் தெறந்து சொல்லுவீகன்னுதான் மூணு நாளாத் தோண்ட விட்டேன்.”