மீன் பட்டியலில் இடம் கிடைக்காதவன்

யாரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று ரோட்டில் இட ஒதுக்கீட்டு மறியல். என் அண்ணன் மகளோ கல்வராயன் மலையடி அணையில் மீன்களுக்குப் பட்டியல் போடுகிறாள். தண்ணீருக்குள் மைக்கை இறக்கிச் சத்தத்தைப் பதிந்தால், எது எந்த மீன் என்று கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்லுமாம். பதிவு கிடைக்காவிட்டால் அவள் ஆராய்ச்சி முடியாது.

இன்று பரிசலில் துணைக்குப் போனேன். மைக்கை இறக்கியதுமே, அணையின் மீன் குத்தகைக்காரர் தன் பரிசலை எங்கள் மேல் மோதவிட்டு, வயரைப் பிடித்து மைக்கைத் தண்ணீருக்கு மேலே இழுத்துவிட்டார்.

“இன்னாய்யா, கரண்டு வுட்டு மீன் புடிச்சிக்கினு இருக்கியா?”

“இல்லீங்கண்ணா, மீன் போடுற சத்தத்தைக் கேக்குறோம்,” என்றாள் அவள்.

“எங்க மீன் ஜாஸ்தின்னு திருடனுக்குச் சொல்றதுக்கா? அறுத்துடுவேன்!”

“அறுய்யா பாக்கலாம்!” என்று எழுந்து நின்றேன். பரிசல் சுற்றியது. வீரம் உட்கார்ந்துவிட்டது, வாய் மட்டும் ஓயவில்லை. கடைசியில் அவர் மைக்கை என் மடியில் எறிந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் மீன் ஒன்றுகூட இல்லை, முழுக்க எங்கள் சண்டைதான். குத்தகைக்காரரின் குரலைக் ‘கெளுத்தி’ என்று சேர்த்திருக்கிறது. என் குரலுக்கு, ‘இரைச்சல், நீக்கவும்.’

“மிஷின் நல்லாத்தான் கத்துக்கினு இருக்கு சித்தப்பா,” என்றாள். நாளைக்குத் தனியாகப் போகிறாளாம்.

உங்கள் வீட்டில் உங்களை எதில் சேர்த்திருக்கிறார்கள்?