சத்தம் போடாத ஃபேன்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் செஞ்சியில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு கம்ப்யூட்டர் சென்டர்தான் இருந்தது. கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை, அதன் மாடியில் ஓர் அறை, அறைக்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஜவுளிக்கடை பாய்தான் மெட்ராஸிலிருந்து அதைப் பழையதாக வாங்கி வந்து வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சூடம் காட்டவில்லையே தவிர, மற்ற மரியாதை எல்லாம் அந்தப் பெட்டிக்கு நடந்தது.

நான் அதே கட்டிடத்தின் கீழே ரேடியோவும் மிக்ஸியும் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சம் எல்லாம் கழற்றிப் பார்த்துக் கற்றதுதான். ஒருநாள் பாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, மேல வாப்பா. இந்தப் பொட்டி கொறட்ட வுடுது" என்றார்.

போய்ப் பார்த்தேன். பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ஃபேன். உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அதற்கு வேலை. அதுதான் கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால், அங்கே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமம்; தினமும் பஸ்ஸில் வந்து போவார். என் வயதுதான் இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்பவர்போல, "இன்னாங்க, பொழைக்குமா?" என்று கேட்டார்.

"சளி புடிச்சிருக்குது டீச்சர். மண்டியில இருந்து வர்ற மல்லாட்டத் தூசி முழுக்க இது மூக்குலதான் இருக்குது."

சிரித்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மண்டியிலிருந்து வரும் அந்தத் தூசியை நான் அதற்குமுன் திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்டவில்லை.

ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். இரைச்சல் கொஞ்சம் அடங்கி, இரண்டு நாளில் திரும்பவும் வந்தது. அந்த ஃபேனின் அச்சு, புஷ் என்கிற சின்ன உலோக வளையத்துக்குள் சுற்றுவது. புஷ் தேய்ந்துவிட்டால் எண்ணெய் ஒரு தாலாட்டு, அவ்வளவுதான். பாய்க்கு அது புரியவில்லை. "வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு சொல்லுவாங்க. நீ தெனமும் வந்து எண்ணெ வுடு தம்பி" என்றார். எனக்குக் கசக்குமா?

ஒரு மணிக்குக் காலை வகுப்புப் பிள்ளைகள் போய்விடுவார்கள். இரண்டு மணிக்குத்தான் அடுத்த வகுப்பு. இடையில் பெட்டியை அணைக்க மாட்டோம். அணைத்து அணைத்துப் போட்டால் கெட்டுவிடும் என்று பாய்க்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் பாய் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கு உட்காருவார். எங்களுக்குக் கேட்கிற மாதிரியே ஒருநாள் சொன்னார்: "செவுத்துக்குக் காது இருக்குதோ இல்லியோ, பிளைவுட்டுக்கு ரெண்டு காது இருக்குதுப்பா."

ஆனால் ஃபேன் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் நாங்கள் பேசினோம். டீச்சர் தயிர்சோற்றைப் பிசைந்தபடி பேசுவார். நான் பெட்டியின் பின்னால் குத்துக்காலிட்டுத் திருப்புளியும் கையுமாகக் கேட்பேன். டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் சாமியாரைப்போல் ஆசீர்வதிக்கும் கண்டக்டர் பற்றி, சின்ன வயதில் பனமலை ஏரியில் செருப்பை விட்டுவிட்டு அழுதது பற்றி, அவர் நைனா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தது பற்றி. கடைசியாகச் சொன்னதைக் கேட்டபோது நான் ஒரு ஸ்க்ரூவை முடுக்கினேன். ஏற்கெனவே முடுக்கியிருந்த ஸ்க்ரூதான்.

இங்கே பேசியது பத்தாது என்று வெளியே பேச வழி இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவர் ஏறும் பஸ்ஸில் பாதிப்பேர் அவர் ஊர்க்காரர்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். நான் ஆடியில் கூழ் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை. எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று இப்போது கேட்பார்கள். பேச்சு காற்றோடு போய்விடும், காகிதம் யார் கையிலாவது சிக்கும். அந்தப் பயம் இருவருக்கும் இருந்தது.

ஆக, எனக்கு அந்த ஃபேன் சாகவும் கூடாது, பிழைக்கவும் கூடாது. செத்தால் பெட்டி சூடேறிக் கெட்டுவிடும்; பாய் சென்டரை மூடி, ஜவுளி மூட்டை போட்டுவிடுவார். சரியாகிவிட்டால் எனக்கு மாடியில் வேலை இல்லை. நோயாளி படுத்தபடியே நூறு வயசு இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட வைத்தியன் நானாகத்தான் இருப்பேன்.

மார்கழியில் மிஷின் எண்ணெய் தீர்ந்துபோனது. அப்போதுதான் என் அரைகுறை அறிவு வேலை செய்தது. சூடு பிடித்த தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் குளிர்ச்சி. சூடு பிடித்த மிஷினுக்கும் அப்படித்தானே? ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். சத்தம் பூனை மாதிரி அடங்கியது. டீச்சர்கூட, "அட, வாசன வருதுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பனி. கம்ப்யூட்டரைப் போட்டால் ஃபேன் அசையவில்லை. எண்ணெய் உறைந்து வெண்ணெயாகிவிட்டது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கீழே வேலையிலிருந்த என்னை மேலே கூப்பிட்டார்கள். மூடியைத் தொட்டேன், தோசைக்கல். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, கம்பிவலை இடுக்கில் விட்டு ஃபேனைத் தள்ளினேன். முனகிக்கொண்டே மெதுவாகச் சுற்றியது. இறக்கைகளை எண்ணலாம்போல் இருந்தது. எண்ணெய் இளகியதும் வேகம் பிடித்துப் பழைய இரைச்சலோடு ஓடியது. திரும்பினால் பாய் நிற்கிறார்.

"மெட்ராஸ் மிஷினுக்குத் தொடப்பக்குச்சி வைத்தியமா?" என்றார். "நாளைக்கே போயி புதுசு வாங்கியா. அதுவும் சரிப்படலன்னா, நான் இந்தப் பொட்டிய வித்துட்டுத் துணி அடுக்கிடுவேன்."

அன்று மத்தியானம் டீச்சர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. இரைச்சலுக்குள் குனிந்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க" என்றார்.

"சொல்லுங்க டீச்சர்."

"இப்ப இல்ல. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து, திங்கக்கெழம சொல்றேன்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போனேன். சென்டர் பிழைக்கவேண்டும், திங்கட்கிழமை வரவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கடைக்காரர் இரண்டு ஃபேன் காட்டினார். ஒன்று பழையது மாதிரியே புஷ். இன்னொன்று சின்னச் சின்ன இரும்புக் குண்டுகளின் மேல் சுற்றும் பால்ரஸ் ஃபேன். "இதுக்கு வேகம் ஜாஸ்தி, சத்தம் கம்மி, ஆயுசு கெட்டி. எண்ணெயே கேக்காது" என்றார். நல்லதாகவே இருக்கட்டும் என்று பால்ரஸ்ஸை வாங்கினேன். ஞாயிறு உட்கார்ந்து மாட்டினேன். ஓடுகிறதா என்று கைவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. அத்தனை பெருமையாக இருந்தது எனக்கு!

திங்கட்கிழமை ஒரு மணிக்குப் பிள்ளைகள் போனார்கள். நான் பிரஷ்ஷோடு போய் உட்கார்ந்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாய் அப்பளத்தை நொறுக்கியது கேட்டது. அவர் தண்ணீர் குடித்தது கேட்டது. அவர் தொண்டையில் அது இறங்கியதுகூடக் கேட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னா தம்பி, பேச்சு மூச்சக் காணோம்?" என்றார் பாய், அந்தப் பக்கமிருந்து.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை எனக்கு வெறி பிடித்துவிட்டது. சைக்கிள் சக்கரத்தில் பிள்ளைகள் அட்டை செருகிப் படபடவென்று ஓட்டுவார்களே, அதுமாதிரி ஒரு துண்டு அட்டையைக் கம்பிவலை வழியாக உள்ளே விட்டு ஃபேன் இறக்கையில் படும்படி வைத்தேன். டர்ரென்று இரைந்தது. டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் மலர்ந்து முன்னால் குனிந்தார். "நான் என்னா சொல்ல வந்தேன்னா..."

பாய் எச்சில் கையோடு ஓடி வந்தார். "புதுசும் பூட்ச்சா?"

இடது கையால் அட்டையை இழுத்து எடுத்து, அதையும் என்னையும் டீச்சரையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் மறுநாளிலிருந்து, "ஃபேன்தான் நல்லா ஓடுதே, நீ கீழ ஒன் வேலயப் பாருப்பா" என்றார்.

பொங்கல் கழித்து டீச்சருக்குப் பாண்டிச்சேரியில் வேலை கிடைத்தது. கடைசி நாளில் என்னையும் மேலே கூப்பிட்டார்கள். பாய் லட்டு வாங்கி வைத்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டீச்சர் பெட்டிக்குப் பின்னால் போய்க் கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார்.

"நல்லா வேல செஞ்சிருக்கீங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"ஆமா டீச்சர். பல வருஷம் தாங்கும்."

"தாங்கட்டும்" என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அது தாங்கியது. அடுத்து வந்த டீச்சர் வேறு ஓர் ஊர், நல்லவர்தான். நான் எப்போதாவது மத்தியானத்தில் மாடிக்குப் போய்ப் பெட்டியின் பின்னால் நிற்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பாய் கேட்பார்:

"இன்னா தம்பி, எதுனா ரிப்பேரா?"

"இல்ல பாய். சும்மாதான்."