முளைத்த நெல்லுக்கு ஒரு அல்லேலூயா

போன ஞாயிறு எங்கள் ஊர் சர்ச்சில் ஒரு அநியாயம் நடந்தது. கெட்டுப்போன நெற்கதிரைப் பார்த்து மொத்தச் சபையும் அல்லேலூயா சொன்னது. அதுவும் குடவாசல் பக்கத்தில்! பாதிப் பேர் வயல்காரர்கள். வயிறு எரியாதா?

அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. முதலில் அறுத்த கதிரைக் கட்டி ஆல்டர் பீடத்தில் வைப்போம். கூடவே பூசணி, வாழைத்தார், சேவல்... ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும்.

என் சித்தப்பா மகள் எஸ்தரும் ஒரு கட்டு கொண்டுவந்தாள். எம்.ஏ. படித்தவள், குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருந்தாள். அறுக்கிற நேரத்தில் மழை கொட்டிவிட்டது. பயிர் சாய்ந்தது, தண்ணீர் நின்றது. பள்ளத்துப் பாதியில் நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. மேட்டுப் பாதி மட்டும் தப்பியிருந்தது. தண்ணீர் வடிந்தால்தான் அறுப்பு மெஷின் இறங்கும். ஓரிரு நாள் விட்டால் அதுவும் போச்சு.

ஏன் வடியவில்லை? வடிகால் வாய்க்கால் சர்ச்சுக்குப் பின்னால் போகிறது. பண்டிகைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த வேண்டுமே என்று, கமிட்டி அதில் மண்ணடித்து மேடாக்கிவிட்டது!

"பண்டிகை முடியட்டும்மா, எடுத்துடலாம்" என்று செயலாளர் தேவதாஸ் அவளைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். நெல்லுக்குப் பண்டிகை தெரியுமா?

அதனால்தான் முளைத்த கதிர்க்கட்டையே ஆல்டரில் வைத்தாள். சபை கண்ணில் படட்டும் என்று.

தேவசெய்தி கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். "கடவுள் ரெண்டு புத்தகம் எழுதியிருக்கார். ஒண்ணு வேதம், இன்னொண்ணு இயற்கை" என்றார். எனக்கும் அதில் சம்மதம்தான். நாற்று நட்ட வயலைப் பார்த்து, யாரும் கேட்காமலே கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

பிறகு எஸ்தரின் கதிர்க்கட்டைக் கையில் எடுத்தார். பச்சை முளையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க! அறுத்த கதிர்லேர்ந்து புது உயிர்! இதுதான் உயிர்த்தெழுதல்! சொல்லுங்க, அல்லேலூயா!"

சொன்னார்கள். கதிரில் முளைத்தால் நெல் நாசம் என்று தெரிந்த வாய்கள்தான் சொன்னன. மைக்கில் கேட்டால் எதற்கும் சொல்லிவிடுவதா?

எஸ்தர் எழுந்தாள். "ஐயா, அது உயிர்த்தெழலீங்க. கெட்டுப்போச்சு. எந்த வியாபாரியும் தொடமாட்டான்."

போதகர் சிரித்தார். "சகோதரி, விசுவாசக் கண்ணால பாருங்க."

"அதாலயும் பாத்துட்டேங்க. தண்ணிதான் நிக்குது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உக்காரும்மா, செய்தி நடக்குதுல்ல" என்று தேவதாஸ் அதட்டினார். அவள் உட்காரவில்லை. வெளியே போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால்... பூவைக் காட்டிப் பிரசங்கம், பறவையைக் காட்டிப் பிரசங்கம். அழகாக இருக்கிற பக்கத்தை மட்டும் வாசிப்போம். 'வழியை அடைத்தது நீ' என்று தேங்கிய தண்ணீர் சொன்னால் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். இது என்ன வாசிப்பு?

ஏலம் தொடங்கியபோது பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம். ஓடினேன். முழங்கால் வரை சேறோடு எஸ்தர் மேட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். மேட்டின்மேல் ஒரு வெள்ளைக் கார்.

தேவதாஸ் பதறிக்கொண்டு வந்தார். "ஏம்மா, அது போதகர் காரு! சேத்துல எறங்கிடப் போவுது!"

"எறங்கட்டுமே அண்ணே. அவருக்கென்ன, உயிர்த்தெழுப்பிட மாட்டாரா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அல்லேலூயா சொன்ன அதே கூட்டம்தான். அதற்குப் பிறகுதான் சிலருக்குச் சொரணை வந்து வேட்டியை மடித்துக் கட்டினார்கள். போதகர் சாவியோடு ஓடிவந்தார். சாயங்காலத்துக்குள் வாய்க்கால் ஓடியது.

மேட்டுப் பாதியை மெஷின் அறுத்துவிட்டது. பள்ளத்துப் பாதி போனது போனதுதான். அதற்கு எந்த அல்லேலூயாவும் உதவாது.

இயற்கை கடவுள் எழுதிய புத்தகம்தான், போதகரே. முதலில் அதன்மேல் நிறுத்திய காரை எடுங்கள்.