முப்பத்தேழாம் எண் புங்கமரம்

இன்று மதியம் தர்மபுரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, எப்போதும் பூ வாங்கும் புங்கமரத்தடிக்குப் போனேன். மரத்தில் வெள்ளைப் பட்டை அடித்து, அதன்மேல் சிவப்பில் 37 என்று எழுதியிருந்தது.

அந்த எண்ணைச் சுற்றி மஞ்சள் பூசி, குங்குமமும் வைத்திருந்தார் பூக்காரம்மா.

“பாத்தீங்களா மேடம், நம்ம கடைக்கு நம்பர் குடுத்துட்டாங்க. இனிமே எவனும் என்னைய எந்திரின்னு சொல்ல முடியாதுங்க.”

“யார் எழுதினாங்க?”

“ரோட்டு வேலைக்காரங்க. டேப் வெச்சு மரத்தைச் சுத்தி அளந்தாங்க. நாந்தான் டீ வாங்கிக் குடுத்தேன்.”

அதியமான்கோட்டையில் நான் தினமும் பஸ் ஏறும் சாலை மரங்களிலும் போன மாதம் இதே சிவப்பு எண்கள் இருந்தன. இப்போது அங்கே ஒரு மரமும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்து நின்றால் தார்ச்சூடு செருப்பைத் தாண்டி ஏறுகிறது. மரம் வைத்தால் ஊர் குளிரும் என்பதைப் பேச்சுப்போட்டிக்கான வாக்கியம் என்றே நினைத்திருந்தவள் நான்.

“வேற இடமும் ஒண்ணு பாத்து வெச்சுக்குங்க” என்றேன்.

“வெயில்ல வெச்சா மல்லி ஒரு மணி நேரம் தாங்காது மேடம். இந்த மரத்தடியிலதான் பொழுது சாயுற வரைக்கும் வாடாம நிக்குது. நம்பரே வந்தப்புறம் நான் எதுக்குங்க போறேன்?” என்று சிரித்தார்.

நான் ஒரு முழம் கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த எண் எதற்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நேரில் வந்தே சொல்வதானால் சீக்கிரம் வாருங்கள், நின்று பேச நிழல் இருக்கும்போதே.